பூனைக்குப் போட்ட பொடி

எனக்குக் கரிநாக்கு என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது நான் வாழ வந்த ஊர். புதுவாயல் கூட்ரோட்டில் இறங்கி ஏரிக்கரை மேலேயே நடந்து போக வேண்டும். பிறந்தது திருநின்றவூர். அங்கே இருந்தவரை எனக்கு வாய் நீளம் என்றுதான் சொல்வார்களே தவிர, நாக்கு கறுப்பு என்று யாரும் சொன்னதில்லை. கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலத்திலேயே அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது. என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். கிணற்றடியில் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். "அக்கா, படி பாசி புடிச்சிக்கீது, உழுந்துடப் போறே" என்றேன். நான் வாய் மூடவில்லை, விழுந்துவிட்டாள். பிள்ளை தங்கவில்லை.

பாசியைப் பார்த்தேன், பார்த்ததைச் சொன்னேன். ஆனால் பாசியால்தான் விழுந்தாள் என்று ஊரில் ஒருத்தரும் சொல்லவில்லை. என் வாய்தான் தள்ளிவிட்டது என்றார்கள். அதன் பிறகு யாராவது வெளியூர் கிளம்பினால், நான் "பாத்துப் போங்க" என்று சொல்வதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டம் பிடிப்பார்கள். முதலில் எனக்கு ஆத்திரமாக வந்தது. போகப் போக எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. மனதில் ஒரு கெட்ட எண்ணம் தலை தூக்கினால், நினைக்காதே நினைக்காதே என்று என்னையே அதட்டிக்கொள்வேன். இது எவ்வளவு பெரிய தண்டனை என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

ஓரகத்திக்குப் பிறகு நெடுநாள் கழித்து ஒரு பெண் பிறந்தது. கோயில் கோயிலாகச் சுற்றிப் பெற்ற பிள்ளை. அது தவழ்ந்த நாளிலிருந்தே எங்கள் வீட்டில்தான் கிடக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மண்சுவர். பாகம் பிரித்தபோது எழுப்பியது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். குழந்தை என்னைச் சித்தி சித்தி என்று சுற்றி வரும். ஓரகத்தி அதைத் தடுக்கவில்லை. ஆனால் நான் குழந்தையைப் பார்த்து எது சொன்னாலும் அவள் காது இங்கேதான் இருக்கும். "இளைச்சிட்டாளே" என்று சொல்லிவிடக் கூடாது. "கொழுகொழுன்னு ஆயிட்டா" என்றும் சொல்லிவிடக் கூடாது. நானும் அளந்து அளந்து பேசப் பழகிக்கொண்டேன்.

நான் சொல்லப் போவது எழுபதுகளின் நடுவில் நடந்தது. குழந்தைக்கு அப்போது நாலு வயதிருக்கும். எங்கள் வீட்டில் நெல் மூட்டை அடுக்கும் அறைக்குக் காவலாக ஒரு பூனை இருந்தது. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் வரி. எலி பிடிப்பதில் கெட்டிக்காரி. மற்ற நேரத்தில் குழந்தையின் மடிதான் அதற்கு மெத்தை. அந்த வருஷம் அதற்குத் தெள்ளுப்பூச்சி கண்டபடி ஏறிவிட்டது. மயிரை விலக்கிப் பார்த்தால் மிளகைத் தூளாக்கிக் கொட்டியதுபோல ஓடும். குழந்தையின் காலெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்துப் போயிருந்தது.

ஓரகத்தி வந்து வாசலில் நின்றாள். "இன்னாடி இது, எம்பொண்ணு காலப் பாரு. ஒண்ணு அந்தப் பூனய கோணிப்பையில கட்டி கூட்ரோட்டுல உட்டுட்டு வா, இல்ல அத்த சுத்தம் பண்ணு. தெனம் சொறிஞ்சிக்கினே கீறா" என்றாள். அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் பூனையைக் கொண்டுபோய் விட எனக்கு மனசு வரவில்லை. கூட்ரோட்டில் லாரிகள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் பூச்சிப் பொடி இருந்தது. கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் நெல்லில் ஒரு நாற்றப் பூச்சி வந்து உறிஞ்சிவிடும். அதற்காக அரசாங்க விவசாய டிப்போவில் வாங்கி வந்தது. பழைய வேட்டித் துணியில் பொடியை மூட்டையாகக் கட்டி, கழியில் தொங்கவிட்டு, பனி காய்வதற்குள் பயிர் மேல் தட்டிக்கொண்டே போவார்கள். மிச்சத்தை ஒரு பால்பவுடர் டப்பாவில் கொட்டி வைத்திருந்தோம். பெயரெல்லாம் யாருக்குத் தெரியும். எல்லாப் பொடிக்கும் ஊரில் டீடீட்டி என்றுதான் பெயர். மூட்டைப்பூச்சிக்குக் கட்டிலில் போடுவோம், எறும்புக்குச் சுவரோரம் போடுவோம். பூனைக்கும் போட்டால் என்ன என்று தோன்றியது. ஊரில் நாலைந்து பேர் நாய்க்குப் போட்டதுண்டு, ஒன்றும் ஆகவில்லை.

முதலில் வெறும் பொடியைத்தான் தூவினேன். பூனை உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. பாதிப் பொடி என் முகத்தில் வந்து விழுந்தது. என் மாமியார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ணெயில கொழச்சிப் பூசு. அப்பத்தான் புடிக்கும். சூடும் ஏறாது" என்றார். எங்கள் வீட்டில் எதற்கும் எண்ணெய்தான். வயிற்று வலிக்குத் தொப்புளில் எண்ணெய், காய்ச்சலுக்கு உச்சியில் எண்ணெய், கண் எரிந்தால் உள்ளங்காலில் எண்ணெய். மருந்து எதுவானாலும் அது சூடு, எண்ணெய் சேர்ந்தால் குளிர்ச்சி என்பது எழுதாத சட்டம். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஒரு கொட்டாங்கச்சியில் தேங்காய் எண்ணெய் ஊற்றி, பொடியைக் குழைத்து, பூனையின் கழுத்திலிருந்து வால் வரை தேய்த்துவிட்டேன்.

மத்தியானத்துக்குள் தெள்ளெல்லாம் செத்து உதிர்ந்தது. சாக்கின் மேல் உட்காரவைத்திருந்தேன். சாக்கு கறுத்துப் போயிற்று. ஓரகத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் ஒரு காரியத்தைச் செய்து அவள் முகம் மலர்ந்து பார்த்தது அபூர்வம். "பரவால்லியேடி" என்றாள். பிறகு என் மாமியாரைப் பார்த்து, "அத்த, தெள்ளே சாவுதுன்னா, பேனும் சாவுமில்ல?" என்று கேட்டாள். "சாவாம இன்னா பண்ணும்" என்றார் மாமியார். நான் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எண்ணெய் ருசிக்குத் தன் உடம்பையே விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

பொழுது சாயும்போது பூனையின் காது துடிக்க ஆரம்பித்தது. ஈ உட்கார்ந்தால் துடிப்பதுபோல; ஆனால் ஈ இல்லை. கொஞ்ச நேரத்தில் முகத்தில் ஒரு பக்கம் வெட்டி வெட்டி இழுத்தது. தட்டை வைத்த சத்தத்துக்கு ஒரு முழம் எகிறிக் குதித்தது. வாயிலிருந்து நூலாக எச்சில் வடிந்தது. "சூடு ஏறிக்கிச்சு" என்று மாமியார் அதன் தலையில் இன்னும் கொஞ்சம் விளக்கெண்ணெய் வைத்தார். பொடியாலதான் இப்படியோ என்று என் மனதில் ஓடியது. சொல்லவில்லை. சொன்னால் பலித்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அது பலித்தாகிவிட்டதா இல்லையா என்று பூனையைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். இருந்தாலும் வாய் வரவில்லை.

விடிந்தபோது அதனால் நிற்க முடியவில்லை. பின்னங்கால் இரண்டும் கோணிக்கொண்டு போயின. என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனான மைத்துனரும் விடியலிலேயே கழனிக்குப் போய்விட்டார்கள். நான் பூனையைக் கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக் கட்டி, கும்மிடிப்பூண்டி பஸ்ஸைப் பிடித்தேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "பூனைக்கு ஆஸ்பத்திரியா? ஊர்ல கேட்டா வாயால சிரிக்க மாட்டாங்க" என்றார்.

மாட்டாஸ்பத்திரியில் எல்லாரும் எருமையும் மாடுமாக வந்திருந்தார்கள். என் கூடையை எட்டிப் பார்த்த ஒருவர், "இன்னாமா, பால் கறக்கலியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் அவருக்குத் தக்க பதில் கொடுத்திருப்பேன். அன்றைக்கு என் கை கூடைக்குள்தான் இருந்தது. பூனையின் உடம்பு உள்ளே அதிர்ந்துகொண்டே இருந்தது. அந்த அதிர்வு என் தோள் வரை ஏறியது.

டாக்டர் சின்ன வயதுக்காரர். பூனையை மேசை மேல் வைத்ததும் குனிந்து மோந்து பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. "என்ன போட்டீங்க?" என்றார்.

"வயலுக்குப் போடற பொடிங்க. தெள்ளுக்காக."

"எப்ப போட்டீங்க? எவ்வளவு?" சொன்னேன். "வெறும் பொடியா, எதிலயாவது கலந்தா?"

"எண்ணெயிலங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எண்ணெயில கலந்தா அது அப்படியே தோல் வழியா உள்ள இறங்கிடும்மா. வெறும் பொடியே பூனைக்கு ஆகாது. இதுல எண்ணெயும் சேர்த்து, அது நக்கியும் இருக்கு" என்றார். அவர் பூனைக்கு ஓர் ஊசி போட்டார். கம்பவுண்டர் சோப்புப் போட்டு அதைக் கழுவினார். டாக்டர் கேள்வியை விடவில்லை. பொடி எந்த டிப்போவில் வாங்கியது, பை இருக்கிறதா, ஊரில் வேறு யார் வீட்டுப் பிராணிக்காவது இப்படி ஆனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "பொடிதான் காரணம்னு நானே உறுதியா சொல்ல முடியாது. சந்தேகம்தான். ஆனா சந்தேகத்தையே யாரும் வந்து சொல்றதில்ல. நாய் செத்தா குழி தோண்டிப் புதைச்சிட்டுப் போயிடறாங்க. டிப்போவுல போய் அவசியம் சொல்லுங்க. சொன்னாத்தானே அவங்களுக்கும் தெரியும்" என்றார்.

பிறகு கைகழுவிக்கொண்டே கடைசியாக ஒன்று கேட்டார். "கலந்ததுல மிச்சத்தை என்ன பண்ணீங்க?"

அந்தக் கொட்டாங்கச்சியை நான் நடுச்சுவர் மேடையில் வைத்திருந்தேன். காலையில் கூடையை எடுக்கும்போது அந்த இடம் காலியாக இருந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன், கருத்தில் வாங்கவில்லை. இப்போது முந்தின நாள் பேச்சு நினைவுக்கு வந்தது. தெள்ளு சாகிறதென்றால் பேனும் சாகுமில்ல. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்து, ஊறவைத்து, உச்சி வெயில் நேரத்தில் தலைக்கு ஊற்றுகிற நாள்.

நான் சொன்னதைக் கேட்டதும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. "உடனே போங்க. போட்டிருந்தா சோப்புப் போட்டுத் தண்ணியில நல்லா அலசணும். திரும்பத் திரும்ப அலசணும். எண்ணெய் கூடாது. பால் கொடுக்கக் கூடாது, மோர், நெய் எதுவும் கூடாது. கை கால் கொஞ்சம் உதறினாலும் நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க. பொழுது போற வரைக்கும் ஒண்ணும் ஆகலன்னா பயமில்ல" என்றார். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பஸ் கிடைத்துவிட்டது. ஆனால் நகரவில்லை. எளாவூர் செக்போஸ்ட்டில் காலையெல்லாம் நிறுத்தி வைத்த லாரிகளை ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டிருந்தார்கள். ரோடு முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக நெல் மூட்டையும் மிளகாய் மூட்டையும். எங்கள் டிரைவர் ஒரு கையால் பீடி பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார். இறங்கித் தள்ளிவிடலாமா என்று எனக்கு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெலுங்குக்கார அம்மாள், "கூடையில இன்னா, கோழியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்த வழி முழுக்க நான் நினைத்தது ஒன்றே ஒன்று: இதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஒரு முறை வழுக்கும் என்று சொல்லி அவளுடைய பிள்ளை போயிற்று. இப்போது நான் போய், "பூனைக்கு வந்தது உன் பொண்ணுக்கும் வரும்" என்று சொன்னால் அவள் என்னை வாசலில் நிற்க விடுவாளா? அவள் என்ன நினைப்பாள் என்பது இருக்கட்டும். நான் சொல்லி, அது நடந்துவிட்டால்? கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் ஒரு வாக்கியம் கிடைக்குமா என்று மனதுக்குள் தேடினேன். "தல அலம்பிடுக்கா, இன்னிக்கு நல்ல நேரம்" என்று சொல்லிப் பார்த்தேன். சிரிப்பாக இருந்தது. சிரிக்கும்போதே அழுகை வந்தது. கூடைக்குள் பூனை உதைத்துக்கொண்டது.

புதுவாயலில் இறங்கி ஏரிக்கரையில் ஓடினேன். செருப்பு அறுந்தது, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

ஓரகத்தி கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டி வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை மனைப்பலகையில் உட்கார்ந்திருந்தது. தலையில் வெள்ளைத் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. துணியின் ஓரத்தில் எண்ணெய் வழிந்து காதோரம் மினுமினுத்தது. என்னைப் பார்த்ததும், "சித்தி, பூனை?" என்றது. கொட்டாங்கச்சி பக்கத்திலேயே கவிழ்ந்து கிடந்தது.

"அக்கா, தலய அலம்பிடு" என்றேன்.

"இப்பத்தான்டி வெச்சேன். ஊறட்டும்."

"ஊற வேணாம். சோப்பு எடுத்தாரேன். இப்பவே அலம்பு."

அவள் கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். தலை கலைந்து, மூச்சிரைக்க, கையில் செருப்போடு நின்றேன். "இன்னாத்துக்கு?" என்றாள்.

"டாக்டர் சொன்னாரு" என்றேன். நான் சொல்லவில்லை, டாக்டர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டேன். "எண்ணெயில கலந்தது கூடாதாம்."

"பூனைக்குத்தானே சொன்னாரு? எம்பொண்ணும் பூனையும் ஒண்ணா?" குரல் உயர்ந்தது. "நீ இன்னா சொல்ல வந்தே? எம் மூஞ்சியப் பாத்து சொல்லு. வேணாம், சொல்லாத. நீ ஒண்ணியும் சொல்லாத."

அவள் கண்ணில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. என்னிடம்தான் அவளுக்குப் பயம். என் வாயைத் திறந்தால் அதிலிருந்து எது வந்து குழந்தை மேல் விழுமோ என்கிற பயம். எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கூடையைக் கீழே வைத்து, கட்டியிருந்த துண்டை அவிழ்த்தேன்.

பூனை பக்கவாட்டில் கிடந்தது. நாலு காலும் நீச்சலடிப்பதுபோலத் துழாவிக்கொண்டிருந்தன. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. ஓரகத்தி குனிந்து பார்த்தாள். குழந்தையை ஒரே இழுப்பில் தூக்கி, தலைத்துணியைப் பிய்த்து எறிந்தாள். நான் சோப்புக் கட்டியை எடுத்து வந்தேன். அவள் தேய்க்க, நான் ஊற்றினேன். குழந்தை வீரிட்டு அழுதது. கண் எரிகிறது என்று கத்தியது. அழட்டும் என்று விட்டோம். எண்ணெய்ப் பிசுக்குப் போகவில்லை. மறுபடி சோப்பு, மறுபடி தண்ணீர். கடைசியில் அவள் உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து, முடியை ஒட்ட வெட்டிவிட்டாள். நேர்த்திக்கடனுக்கு என்று வைத்திருந்த முடி. அவள் யோசிக்கவே இல்லை.

அழுது ஓய்ந்த குழந்தை பால் கேட்டது. ஓரகத்தி கிண்ணத்தை எடுத்துவிட்டாள். விஷத்துக்குப் பால் முறிவு என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் போய் அவள் கையைப் பிடித்தேன். "பால் வேணாம்" என்றேன். அவள் என் கையை உதறவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு, வெறும் சோற்றுக் கஞ்சியை ஊட்டினாள்.

மாமியார் ஆளனுப்பிக் கழனியிலிருந்து மைத்துனரை வரவழைத்தார். அவர் வண்டியைப் பூட்டி வாசலில் தயாராக நிறுத்தினார். டாக்டர் சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னேன், ஓரகத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஊட்டுக்குப் போ. இங்க நின்னுக்கினு என் புள்ளயப் பாக்காத. எனக்குப் பேஜாரா கீது" என்றாள். நான் கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தபோது மறுபடி கூப்பிட்டாள். "அந்தப் பூனயப் பாத்துக்கோ. அது பொழச்சிக்கிச்சின்னா எம்பொண்ணுக்கு ஒண்ணியும் இல்ல."

எந்தக் கணக்கில் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டாள். அதன் பிறகு எனக்கும் அதுவே கணக்காகிவிட்டது. நெல் அறையில் ஈரத்துணி விரித்துப் பூனையைப் படுக்கவைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்துகொண்டே இருந்தது.

"பூனை எப்படிக்கீது?"

"அப்படியேதான் கீதுக்கா."

இடையிடையே குழந்தையிடம் பேசுவது கேட்டது. "கையக் காட்டு. வெரல நீட்டு. நேரா புடி." குழந்தை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. பிறகு மறுபடி என்னிடம், "இப்ப?"

"உதறல் கொறஞ்சிக்கீது" என்றேன். அது உண்மைதான். உதறல் குறைந்துகொண்டு வந்தது. மூச்சும் குறைந்துகொண்டு வந்தது. வெயில் தாழ்ந்து, மாடுகள் திரும்புகிற நேரத்தில் பூனை வாயை ஒருமுறை அகலமாகத் திறந்தது. அவ்வளவுதான். நான் அதன் வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை.

"பூனை எப்படிக்கீது?"

எனக்குத் தெரிந்து வாய் திறந்து நான் பொய் சொன்னதில்லை. அதுதான் என்னோடு பிறந்த வியாதி. "தூங்குதுக்கா" என்றேன். "நல்லா தூங்குது."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் செத்த பூனையின் மேல் கையை வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தையின் விரல் நடுங்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்த நேரம் வேறு இல்லை. பொய் சொன்னதால் ஏதாவது ஆகிவிடுமோ என்று அதற்கும் பயந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தை மொட்டைத் தலையோடு எங்கள் வாசலில் வந்து நின்றது. பசிக்கிறது, அம்மா கஞ்சியே கொடுக்கிறாள் என்று என்னிடம் புகார் சொன்னது. அதன் கை இரண்டையும் பிடித்துப் பார்த்தேன். சூடாக, அசையாமல் இருந்தன. பின்னாலேயே ஓரகத்தி வந்தாள். கையில் ஒரு கிண்ணம் பால். "பூனைக்கு. எழுந்திரிச்சா குடு" என்றாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். அவள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பூனையை என் வீட்டுக்காரர் விடியுமுன் களத்துமேட்டுப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்தார். குழந்தை கேட்டபோது, அது எலி பிடிக்கப் போயிருக்கிறது என்றேன். ஓரகத்தி பூனையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை டிப்போவுக்குக் கிளம்பினேன். டாக்டர் சொன்னது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பொடி வாங்காத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. எண்ணெய் வைக்காத தலையும் இல்லை. பொடி வந்த பை வறட்டிக் குவியலை மூடப் போயிருந்தது. அதைத் தேடி எடுத்துத் தட்டி மடித்துக்கொண்டேன். ஏரிக்கரையில் போகும்போது பின்னால் ஓரகத்தியும் குழந்தையும் வந்துகொண்டிருந்தார்கள். "நானும் வரேன்" என்றாள். எதற்கென்று சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

டிப்போ அதிகாரி நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். ஆனால் பேனாவைத் திறக்கவில்லை. "பூனைக்குப் போடச் சொல்லி யாரும்மா சொன்னது? அது பயிருக்கு" என்றார். "சரிங்க, தப்புதான். ஆனா இதுமாதிரி ஊர்ல எல்லாரும் போடறாங்க. எண்ணெயில கலக்கக் கூடாதுன்னு நீங்க விக்கிறப்பவே ஒரு வார்த்த சொல்லலாமில்ல" என்றேன். அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்து சொன்னதில்லையே" என்றார். பிறகு குழந்தையைப் பார்த்தார். "பாப்பா நல்லாத்தானே இருக்கு? பூனை இப்ப எப்படி இருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். ஓரகத்தி என் பக்கத்தில் நின்றாள். குழந்தையின் கை அவள் கையில் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அப்புறமென்ன என்று பையை மடித்துக் கொடுத்துவிடுவார். அந்தப் பொடி அடுத்த வெள்ளிக்கிழமை வேறு வீட்டுக் கொட்டாங்கச்சிக்குப் போகும். செத்துவிட்டது என்று சொன்னால், அதை என் வாயால், இந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு, இவள் காது கேட்கச் சொல்ல வேண்டும். அதிகாரி பதிலுக்குக் காத்திருந்தார்.

"செத்துடுச்சு சார்" என்றாள் ஓரகத்தி. "வெள்ளிக்கெழம சாயங்காலமே செத்துடுச்சு. எனக்குத் தெரியும், இவ சொல்லல. நான் சொல்ல உடல." அவள் குழந்தையை முன்னால் இழுத்து, அந்த மொட்டைத் தலையை அவருக்குக் காட்டினாள். "இவ ஓடியாந்து சொல்லலன்னா இதுவும் இல்ல. அதயும் சேத்து எழுதிக்கோங்க."